கையடக்க கேம் கன்சோல் வாங்கும் முன் பூட்டு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கையடக்க கேம் கன்சோல் வாங்கப் போகிறவர்கள் கேட்பதெல்லாம் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான்: திரை எவ்வளவு பெரிது, பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும், எந்தெந்த கேம் ஓடும். எல்லாமே கேட்க வேண்டியவைதான். ஆனால் நான் அவற்றுக்கு முன்னால் ஒன்று கேட்பேன். இதைச் செய்த நிறுவனம் ஆறேழு வருடம் கழித்து இதைக் கைவிட்டுவிட்டால், அப்புறம் இந்தக் கருவியை ஓட வைக்க யாரால் முடியும்? ஓபன் சோர்ஸ், அதாவது மென்பொருளின் மூல நிரலை (சோர்ஸ்) யாரும் பார்க்கவும் மாற்றவும் திறந்து வைப்பது, வேண்டுமா வேண்டாமா என்ற சண்டை எங்கெங்கோ சுற்றினாலும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

நடக்காததை நினைத்துப் பயப்படுவதாக எண்ண வேண்டாம். நிண்டெண்டோ தன் பழைய கையடக்கக் கருவியான 3டிஎஸ்ஸின் ஆன்லைன் கடையை 2023 மார்ச் 27 அன்று மூடியது, 2024 ஏப்ரலில் அதன் ஆன்லைன் ஆட்டங்களையும் நிறுத்தியது. சோனி 2021ல் தன் பழைய பிளேஸ்டேஷன் கருவிகளான பிஎஸ்பி, வீட்டா, பிஎஸ்3 ஆகியவற்றின் கடைகள் எல்லாவற்றையும் மூடப் போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பிய பிறகு வீட்டாவுக்கும் பிஎஸ்3க்கும் மட்டும் முடிவை மாற்றிக்கொண்டது. 3டிஎஸ்ஸை இன்னும் ஆன்லைனில் ஆடுகிறவர்கள் இருக்கிறார்கள், பிரெட்டெண்டோ என்ற ஓபன் சோர்ஸ் திட்டத்தின் புண்ணியத்தில். நிண்டெண்டோவின் சர்வர்கள் செய்த வேலையை ஆர்வலர்கள் வெளியிலிருந்து ஆராய்ந்து, தாங்களே திரும்ப எழுதியிருக்கிறார்கள். வருடக்கணக்கான உழைப்பு அது, சம்பளத்துக்காகச் செய்ததும் இல்லை.

ஒப்பிடுவதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். 'ஓபன்' என்ற ஒரே சொல்லை மக்கள் வெவ்வேறு விஷயங்களுக்குப் பயன்படுத்துகிறார்கள். மென்பொருளின் சோர்ஸ் கோட் கிடைக்கிறதா, அதை மாற்றி வெளியிட உரிமம் அனுமதிக்கிறதா என்பது ஒன்று. கருவியில் நமக்கு வேண்டிய இயங்குதளத்தை ஏற்ற முடிகிறதா என்பது வேறொன்று. நாமே எழுதிய கேமை யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓட்ட முடிகிறதா என்பது மூன்றாவது. சர்க்யூட் வரைபடம் வரை வெளியிடுகிறவர்களும் உண்டு. இவை எப்போதும் சேர்ந்தே வருவதில்லை. விண்டோஸ் கையடக்கக் கருவியில் மென்பொருள் மூடியது, ஆனால் கதவு பூட்டவில்லை. பழைய கேம்களை ஓட்டும் மலிவான ரெட்ரோ கருவிகள் பலவற்றில் உள்ளே ஓடுவது லினக்ஸ் என்ற ஓபன் சோர்ஸ் இயங்குதளம், ஆனால் அந்தக் கருவிக்காக மாற்றி எழுதிய கெர்னலின் (இயங்குதளத்தின் மையப் பகுதி) சோர்ஸ் கண்ணிலேயே படாது. இதைப் பிரித்துப் பார்க்காமல் 'எது ஓபன்' என்று கேட்டால் பதிலும் குழம்பித்தான் வரும்.

முதலில் நிண்டெண்டோவின் ஸ்விட்ச் 2. 2025 ஜூன் 5 அன்று வந்தது, 7.9 அங்குல 1080பி திரை, ஜாய்கான் என்ற பக்கவாட்டுக் கட்டுப்பாடுகளோடு சேர்த்து அரை கிலோவுக்குக் கொஞ்சம் அதிகம். கேம் ஆடுவது மட்டும்தான் நோக்கம் என்றால் இதைக் குறை சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. பட்டனை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். ஒரே வன்பொருளை மனதில் வைத்துச் செய்த கேம்கள் என்பதால் எந்த அமைப்பையும் தோண்ட வேண்டியதில்லை. மரியோவும் ஸெல்டாவும் வேண்டுமென்றால் முறையான வழி பெரும்பாலும் நிண்டெண்டோ கருவிகள்தான். பத்து வயதுக் குழந்தைக்கு வாங்குகிறீர்கள், வீட்டில் யாருக்கும் மென்பொருளில் ஆர்வம் இல்லை என்றால் இங்கேயே படிப்பதை நிறுத்திவிட்டு இதை வாங்கலாம்.

ஆனால் பூட்டு முழுமையானது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். 2025 மே மாதம் நிண்டெண்டோ தன் அமெரிக்கப் பயனர் ஒப்பந்தத்தைத் திருத்தியபோது, கருவியில் அனுமதியில்லாத மாற்றம் செய்தால் அதை நிரந்தரமாகப் பயன்படுத்த முடியாதபடி ஆக்கவும் தனக்கு உரிமை உண்டு என்று எழுதி வைத்தது. காசு கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிய வாக்கியம் இது! ஸ்விட்ச் 2க்கு வரும் கார்ட்ரிட்ஜ்களிலும் ஒரு வகையில் கேமே இருக்காது, பதிவிறக்கம் செய்துகொள்ள ஒரு சாவி மட்டும்தான் இருக்கும். சர்வர் இருக்கும் வரைதான் அதற்கு மதிப்பு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது, முதல் ஸ்விட்சுக்குள்ளேயே ஃப்ரீபிஎஸ்டி என்ற ஓபன் சோர்ஸ் இயங்குதளத்திலிருந்து எடுத்த நிரல் இருக்கிறது. பிஎஸ்டி உரிமம் அதை அனுமதிக்கிறது: எடுத்துக்கொள், மாற்றிக்கொள், எழுதியவர்கள் பெயரைச் சொல், மாற்றியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை. ஜிபிஎல் என்ற இன்னொரு உரிமம் அப்படி விடாது, நிரலை யாருக்குக் கொடுக்கிறாயோ அவர்களுக்குச் சோர்ஸையும் கொடு என்கிறது. கட்டற்ற மென்பொருள் உலகின் பழைய விவாதம் இது. பிஎஸ்டி பக்கம் நிற்பவர்கள் 'யாரையும் கட்டாயப்படுத்தாததுதான் சுதந்திரம்' என்பார்கள். கன்சோல் விஷயத்தில் நான் ஜிபிஎல் பக்கம். பயன்படுத்துகிறவரின் சுதந்திரத்தைப் பற்றிப் பேசினால், பூட்டிய பெட்டிக்குள் போன பிஎஸ்டி நிரலால் அந்தப் பெட்டியை வாங்கியவருக்கு ஒரு பயனும் கிடைக்கவில்லை.

அடுத்து ஸ்டீம் டெக். இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிப் பேசுகிறேன், ஏனென்றால் ஓபன் சோர்ஸ் ஒரு கேம் கருவிக்கு என்ன செய்ய முடியும் என்று காட்டியது இதுதான். வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. 2023 நவம்பரில் ஓலெட் பதிப்பு வந்தது, 7.4 அங்குலத் திரை, 90 ஹெர்ட்ஸ், பேட்டரியும் 40லிருந்து 50 வாட் மணிக்குக் கூடியது. உள்ளே ஓடும் ஸ்டீம் ஓஎஸ், லினக்ஸ் வகைகளில் ஒன்றான ஆர்ச்சின் மேல் கட்டியது. டெஸ்க்டாப் பக்கம் போனால் கேடிஈ பிளாஸ்மா என்ற திரை அமைப்பு, சாதாரண லினக்ஸ் கணினி மாதிரியே. கிராபிக்ஸ் டிரைவர் மேசா என்ற ஓபன் சோர்ஸ் திட்டத்தில் எல்லோர் கண்ணெதிரிலும் வளர்கிறது.

விண்டோஸுக்காக எழுதிய கேம்கள் லினக்ஸில் எப்படி ஓடுகின்றன? 2018ல் வால்வ் வெளியிட்ட புரோட்டான்தான் அதற்குக் காரணம், ஆனால் அது வானத்திலிருந்து குதிக்கவில்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட வைக்க 1993லிருந்து வளர்ந்து வந்த வைன் திட்டம் அதற்கு அடித்தளம். விண்டோஸ் கேம்கள் படம் வரையப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் கட்டளைகளை, லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றித் தரும் டிஎக்ஸ்விகே இன்னொரு தூண், ஒரு தனி ஆள் தனக்குப் பிடித்த ஒரு கேமை லினக்ஸில் ஆடிப் பார்க்க ஆசைப்பட்டுத் தொடங்கிய வேலை அது. வால்வ் அவரை ஆதரித்தது, அவர் எழுதியதும் எல்லோருக்கும் பொதுவாகவே இருந்தது. வைன் வளர்ந்த வருடங்களில் பெரிய நிறுவனம் எதுவும் இப்படி ஒரு கருவியைக் கனவில்கூட நினைத்திருக்காது. நிரல் திறந்து கிடந்ததால் நேரம் வந்தபோது கைக்கு எட்டியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

இதன் பலன் வால்வோடு நிற்கவில்லை. 2025 மே மாதம் லெனோவோவின் லீஜன் கோ எஸ், ஸ்டீம் ஓஎஸ்ஸோடு வந்தது. ஃபெடோரா என்ற லினக்ஸ் வகையை அடிப்படையாக வைத்து பஸைட் என்ற இயங்குதளத்தை வேறொரு குழு செய்து, மற்ற நிறுவனங்களின் கையடக்கக் கருவிகளில் ஓட்டுகிறது. ஆக, நாளைக்கே வால்வ் கேம் கருவி செய்வதை நிறுத்தினாலும் டெக் குப்பைக்குப் போகாது. உடல் உடைந்தாலும் வழி உண்டு: வெளிக்கூட்டின் வரைபடக் கோப்புகளை வால்வ் வெளியிட்டிருக்கிறது, உதிரி பாகங்கள் ஐஃபிக்ஸிட் என்ற கடையில் கிடைக்கின்றன.

சரி, குறையே இல்லையா? இருக்கிறது, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வால்வின் கேம் கடையான ஸ்டீம் செயலியே மூடிய மென்பொருள். ஸ்டீமில் வாங்கும் பல கேம்களில் டிஆர்எம் என்ற நகல் தடுப்புப் பூட்டு இருக்கிறது, கணக்கு போனால் அவையும் போகும். கீழே இருக்கிற தளம் திறந்தது, மேலே இருக்கிற கடை மூடியது என்பதே சரியான வர்ணனை. இதற்கு நான் செய்வது, டிஆர்எம் இல்லாமல் விற்கும் ஜிஓஜி என்ற கடையில் கிடைக்கிற கேமை அங்கேயே வாங்கி, ஹீரோயிக் என்ற ஓபன் சோர்ஸ் லாஞ்சர் வழியாக டெக்கில் போட்டுக்கொள்வது. அமைக்கக் கொஞ்ச நேரம் ஆகும், அதன் பிறகு தொந்தரவில்லை.

பெரிய குறை ஆன்லைன் போட்டி கேம்களில். ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள் கெர்னலுக்குள் உட்கார்ந்து பார்க்க விரும்புகிறது, கெர்னலை யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற இடத்தில் அதற்கு நம்பிக்கை வருவதில்லை. ஃபோர்ட்நைட் டெக்கில் நேரடியாக ஓடாது. ஏபெக்ஸ் லெஜெண்ட்ஸ் ஓடிக்கொண்டிருந்தது, 2024 அக்டோபர் கடைசியில் அந்த கேமைச் செய்தவர்கள் லினக்ஸையே தடுத்துவிட்டார்கள். லினக்ஸின் திறந்த தன்மை ஏமாற்றுகிறவர்களுக்கு வசதியாக இருக்கிறது என்பது அவர்கள் சொன்ன காரணம். அதை முழுப் பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏமாற்றுகிறவர்களைப் பிடிக்கும் மென்பொருள்களான ஈஸி ஆன்டி சீட், பேட்டில் ஐ இரண்டுமே 2021லிருந்து புரோட்டானை ஆதரிக்கின்றன, கேம் செய்தவர்கள் சம்மதித்தால் போதும், சம்மதித்த கேம்கள் ஓடிக்கொண்டும் இருக்கின்றன. பூட்டாமல் பாதுகாப்பே இல்லை என்ற வாதம் இங்கே கொஞ்சம் தளர்கிறது. எப்படியானாலும், உங்கள் நண்பர் கூட்டம் தினமும் ஃபோர்ட்நைட்டில்தான் கூடுகிறது என்றால் டெக் உங்களுக்கு வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கு விண்டோஸ் கருவிகள். ஏசுஸின் ஆர்ஓஜி ஆலை (ROG Ally) வரிசை, லீஜன் கோ மாதிரியானவை. எல்லா கேமும் ஓடும், எல்லாக் கடையும் திறக்கும். கையில் வைத்து ஆடும் கருவிக்கு விண்டோஸ் இன்னும் சங்கடமான துணைதான், தூங்க வைத்தால் ஒழுங்காகத் தூங்காது, சின்னத் திரையில் சின்னச் சின்னப் பெட்டிகளைத் தொட வேண்டியிருக்கும். ஆனால் ஏஎம்டி சிப்புக்கு நல்ல ஓபன் சோர்ஸ் டிரைவர் இருப்பதால், விண்டோஸ் சலித்துப்போன அன்று பஸைட் போட்டுப் பார்க்கலாம். வாங்கும்போது மூடியது, வேண்டும்போது திறந்துகொள்ளலாம்.

இப்போது எனக்கு ரொம்பப் பிடித்ததும் ரொம்பக் கோபம் வரவைப்பதுமான வகைக்கு வருகிறேன்: சட்டைப்பைக்குள் போகிற ரெட்ரோ கருவிகள். மியூ மினி பிளஸ், ஆன்பெர்னிக் ஆர்ஜி35எக்ஸ்எக்ஸ் போன்றவை. மூன்றரை அங்குலத் திரை, பழைய கேம்பாய், சூப்பர் நிண்டெண்டோ, பிளேஸ்டேஷன் 1 கேம்களை எமுலேட்டரில், அதாவது பழைய கருவியைப் போலவே நடந்துகொள்ளும் மென்பொருளில், ஓட்டுவதுதான் வேலை. இந்த வகையின் மூதாதை 2005ல் வந்த ஜிபி2எக்ஸ், கொரியாவில் செய்தது, லினக்ஸில் ஓடியது, இரண்டு ஏஏ பேட்டரி போட்டு ஆடலாம். பின்னால் 2010ல் கைக்கு வந்த பண்டோராவை ஆர்வலர்கள் சேர்ந்தே செய்தார்கள், கீபோர்டு வரை வைத்து. அதில்கூட கிராபிக்ஸ் டிரைவர் மூடியதாகத்தான் இருந்தது. சிப் செய்பவர் தராததை கன்சோல் செய்பவரால் திறக்க முடியவில்லை.

இன்றைய மலிவுக் கருவிகளில் எமுலேட்டர் எல்லாம் ஆர்வலர்கள் எழுதியவை, கெர்னல் லினக்ஸ். விற்கிறவர் சேர்ப்பது வன்பொருளும் ஒரு மெனுவும். அப்படியிருந்தும் ஜிபிஎல் கேட்கிற குறைந்தபட்சத்தை, அதாவது கெர்னல் சோர்ஸைக் கொடுப்பதை, பலர் செய்வதில்லை. என்னிடம் அப்படி ஒன்று இருந்தது. அணைத்து வைத்தாலும் ராத்திரியோடு பேட்டரி காலியாகிவிடும். சோர்ஸ் கேட்டு இரண்டு முறை எழுதினேன், பதிலே வரவில்லை. ஐந்து மாதம் கழித்து, வேறு எங்கோ இருந்த ஒருவர் தன் நேரத்தைச் செலவழித்து மாற்று ஃபர்ம்வேர் (கருவியின் உள்மென்பொருள்) ஒன்றில் அதைச் சரிசெய்தார். சோர்ஸ் முதலிலேயே கிடைத்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை. ஜிபிஎல் பற்றிய பேச்சு வெறும் கொள்கைப் பேச்சு என்று நினைப்பவர்களிடம் நான் இந்த பேட்டரிக் கதையைத்தான் சொல்வேன்.

எமுலேட்டர் எழுதுபவர்களின் வேதனை இன்னும் ஆழம். ஸ்னெஸ்9எக்ஸ் எமுலேட்டரின் உரிமம் வணிகப் பயன்பாட்டுக்கு அல்ல என்று தெளிவாகச் சொல்கிறது, அதை உள்ளே போட்ட கருவிகளோ காசுக்கு விற்கப்படுகின்றன. 2024ல் டக்ஸ்டேஷன் எமுலேட்டரை எழுதுபவர், ஜிபிஎல்லை விட்டுவிட்டு, வணிகப் பயன்பாட்டையும் மாற்றி வெளியிடுவதையும் தடுக்கிற உரிமத்துக்கு மாறினார். சோர்ஸை இன்னும் பார்க்கலாம், ஆனால் அது இனி ஓபன் சோர்ஸ் ஆகாது, ஏனென்றால் வணிகப் பயன்பாட்டைத் தடுத்தாலே அந்த வரையறைக்குள் வராது. மேம் எமுலேட்டர் போன பாதை நேர் எதிர்: வருடக்கணக்கில் வணிகத் தடையோடு இருந்துவிட்டு 2016ல் முழு ஓபன் சோர்ஸாக மாறியது. டக்ஸ்டேஷன்காரரின் கோபம் எனக்குப் புரிகிறது. உரிமத்தை மதிக்காதவர்கள் தன் உழைப்பை விற்பதைப் பார்த்துக்கொண்டிருப்பது சின்ன விஷயமா? ஆனால் உரிமத்தை இறுக்கினால் பாதிக்கப்படுவது ஒழுங்காக நடந்துகொண்டவர்கள்தான், லினக்ஸ் பதிப்புகளில் எளிதாக நிறுவும்படி தொகுத்துத் தந்தவர்கள் மாதிரி. ஜிபிஎல்லை மீறியவன் புதிய உரிமத்தை மட்டும் படித்துப் பார்த்துவிட்டா விற்பான்? எனக்கு மேம் எடுத்த முடிவே சரியாகப் படுகிறது.

இங்கே கேம்களின் காப்புரிமையையும் தாண்டிப் போக முடியாது. ஆயிரக்கணக்கில் கேம் நிரப்பிய மெமரி கார்டோடு வரும் கருவிகளில் அந்த கேம்களுக்கு யாரும் அனுமதி வாங்கியிருக்க மாட்டார்கள். ஜிபிஎல்லும் காப்புரிமைச் சட்டத்தின் தோளில்தான் நிற்கிறது, ஆகவே ஒன்றை மதி, மற்றதை விட்டுவிடு என்று நம்மால் சொல்ல முடியாது. ஓபன் சோர்ஸ் உரிமம் வழக்கிலிருந்து காப்பாற்றும் என்ற எண்ணமும் தவறு. ஸ்விட்ச் எமுலேட்டரான யூசு ஜிபிஎல்லில்தான் இருந்தது. நிண்டெண்டோ 2024 பிப்ரவரியில் வழக்குப் போட்டது, மார்ச்சிலேயே 24 லட்சம் டாலர் கொடுக்கச் சம்மதித்து அந்தத் திட்டத்தை மூடினார்கள்.

இந்த வகையில் வாங்குவதென்றால், கருவி வெளிவந்த வாரமே வாங்காதீர்கள். ஆர்வலர் ஃபர்ம்வேர் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். மியூ மினிக்கு ஆனியன், ஆன்பெர்னிக்கின் எச்700 சிப் கருவிகளுக்கு மியூஓஎஸ், நுல்லி, ராக்னிக்ஸ் என்று இருக்கின்றன. மாலி கிராபிக்ஸ் சிப்புகளுக்கு நிறுவனம் திறக்காத டிரைவரை வெளியிலிருந்தே ஆராய்ந்து எழுதிய பான்ஃபிராஸ்ட் இருப்பதால், பண்டோராவுக்கு வந்த கஷ்டம் இவற்றுக்கு அவ்வளவாக இல்லை. சிப்புக்கு மெயின்லைன் லினக்ஸ் (எல்லோருக்கும் பொதுவான அதிகாரபூர்வ லினக்ஸ் கெர்னல்) ஆதரவு இருந்தால் அந்தக் கருவி பத்து வருடம் ஓடும், பெட்டியின் மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி.

மீதி மூன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அனலாக் பாக்கெட் எமுலேட்டர் மென்பொருள் இல்லாமல் எஃப்பிஜிஏ (வேண்டியபடி மாற்றி அமைக்கக்கூடிய சிப்) வழியில் பழைய வன்பொருளையே திரும்ப உருவாக்குகிறது, திரை அபாரம், வெளி ஆட்கள் கோர் (அந்தச் சிப்பை ஒரு பழைய கருவியாக மாற்றும் வடிவமைப்பு) எழுதவும் 2022லிருந்து வழி செய்திருக்கிறார்கள், ஆனால் அதன் இயங்குதளம் மூடியது. பழைய கார்ட்ரிட்ஜ் சேர்த்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இதைச் சொல்வேன். பிளேடேட், கைப்பிடியைச் சுற்றி ஆடும் கருப்பு வெள்ளைக் கருவி, இயங்குதளம் ஓபன் சோர்ஸ் இல்லை. ஆனால் கேம் செய்யும் கருவிகளை இலவசமாகத் தருகிறார்கள், நீங்கள் செய்ததை யாரிடமும் கேட்காமல் அதில் போடலாம், நண்பருக்கும் கொடுக்கலாம். சோர்ஸ் மூடியிருந்தும் நல்ல எண்ணத்தோடு நடந்துகொள்ள முடியும் என்பதற்கு இது சாட்சி.

முழுக்கத் திறந்தது வேண்டுமென்றால் ஆர்டுபாய். கடன் அட்டை அளவுதான் இருக்கும், 128க்கு 64 புள்ளித் திரை, சேமிப்பிடம் 32 கிலோபைட், நினைவகம் வெறும் இரண்டரை கிலோபைட். பெரியவர்கள் இரண்டு நாளில் ஓரமாக வைத்துவிடுவார்கள், அதனால் ஆடுவதற்காக இதை வாங்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 'இந்த கேமை எப்படிச் செய்கிறார்கள்' என்று கேட்கிற பிள்ளை வீட்டில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நான் ஸ்விட்சும் டெக்கும் வாங்கித் தர மாட்டேன், இதைத்தான் கையில் கொடுப்பேன். அதில் ஓடும் கேம்கள் பலவற்றின் சோர்ஸ் அப்படியே கிடைக்கிறது. ஒரு எண்ணை மாற்றி ஏற்றினால் எதிரி வேகமாக ஓடுவான், இன்னொன்றை மாற்றினால் உயிர் மூன்றுக்குப் பதில் முப்பது கிடைக்கும், அன்றைக்கு ராத்திரி அந்தப் பிள்ளை தூங்கப் போகாது.